செஞ்சிக்குப் பதம் பண்ணிய பூட்ஸ்

புஷ்பமேரி கூடாரத் துணியின் தையல்களில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பழைய கான்வாஸ். தையல் வழியாகத்தான் முதலில் நீர் இறங்கும். முதலியார்பேட்டை வீட்டுக் கூடத்தை அது அடைத்துக்கொண்டு கிடந்தது. புரட்டாசி முடியப்போகிறது. இந்த சனி, ஞாயிறை விட்டால் மழை பிடித்துக்கொள்ளும். அப்புறம் இந்த வருஷத்துக்குச் செஞ்சி மலை கிடையாது.

அவள் புருஷன் மிக்கேல் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக, அவர்கள் பாஷையில் சொல்தாவாக, இருந்தவர். தெருவில் 'சொல்தா வீடு' என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். கல்யாணமான வருஷம் லீவில் வந்தவர், விருந்துச் சாப்பாட்டுக்கெல்லாம் டிமிக்கி கொடுத்துவிட்டு இவளைச் செஞ்சிக்கு அழைத்துப் போனார். அடிவாரத் தோப்பில் இதே கூடாரம். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியேறினாள். உச்சியில் ஆளைத் தள்ளுகிற காற்று, கீழே வேர்க்கடலைக் கொல்லைகள். இறங்கி வந்து கருவாடு சுட்டுத் தின்றார்கள். அதன்பின் அவருக்குக் கடல்தாண்டி வேலை, இவளுக்குப் பிள்ளைகள். பிறகு பயிற்சி எடுத்துக்கொண்டு, படுக்கையில் கிடந்தவர்களை வீடுவீடாகப் போய்க் கவனித்தாள். மறுபடி போக வாய்க்கவே இல்லை.

இப்போது அவருக்குச் சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சி குறைவு. காலில் கீறல் இல்லாமல் இருந்தால்தான் பயணம் என்று இவள் சொல்லியிருந்தாள்.

தரையில் ஈரத் தடம் தெரிந்தது. மிக்கேல் பூட்ஸ் காலோடு வந்து நின்றார்.

"இன்னாங்க இது, கூடமெல்லாம் தண்ணி?"

"பூட்ஸப் பதம் பண்றேன் மேரி. பட்டாளத்துல இப்படித்தான். பக்கெட்டுல முக்கி, கால்ல மாட்டிக்கினு, காயற வரைக்கும் நடக்கணும். மலையில கடிக்காது."

"எப்ப மாட்டினீங்க?"

"காலையில. வலியே இல்ல."

"வலி தெரியாததுதான் உங்க வியாதியே. உக்காருங்க."

கழற்றினாள். குதிகாலில் சாக்ஸ் ஒட்டியிருந்தது. நீர் ஊற்றி மெல்லப் பிரித்ததும், கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது தெரிந்தது. யாருடைய காலையோ பார்ப்பதுபோல அவர் பார்த்தார்.

"கட்டுப் போட்டுட்டா ஏறிடலாம்ல?"

இப்படி ஆரம்பித்துக் கால் இழந்தவர்களுக்கு அவள் பணிவிடை செய்திருக்கிறாள். புண்ணைக் கழுவி, துணி வைத்துக் கட்டினாள்.

"ஏறல. எனக்கும்தான் ஆச. இந்த வயசுல புடவையோட ஏற முடியாதுன்னு பேண்ட் கூட தச்சு வெச்சேன்."

"நீயா? பேண்டா?" அவர் குலுங்கிச் சிரித்தார்.

"சிரிங்க. காலு இருந்தா தை மாசம் அதப் போட்டுக் காட்டறேன்."

"தை வரைக்கும் நான் இருக்கணுமே."

"இருப்பீங்க. உங்கள வெச்சு மேய்க்க மேல யாருக்குப் பொறுமை இருக்குது?"

செஞ்சி அடிவாரத் தோப்புக்காரருக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொன்னாள். கூடாரத்தை மடித்துப் பரணில் ஏற்றினாள்.

மறுநாள் காலை, காலில் பாரம் விழாதபடி ஆட்டோவில் ஏற்றி அவரைக் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மலைக்கென்று வாங்கிய ரொட்டியை வெளி பெஞ்சில் உட்கார்ந்து தின்றார்கள். பக்கத்திலிருந்தவரிடம் மிக்கேல், பெண்டாட்டி புடவையைச் செருகிக்கொண்டு செஞ்சி ஏறிய கதையை ஆரம்பித்தார்.

"அது இருக்கட்டும்" என்றாள் புஷ்பமேரி. "உள்ள கூப்பிட்டா, டாக்டர்கிட்ட மொதல்ல அந்த பக்கெட்டுக் கதையச் சொல்லுங்க."