எல்லைக்கல்லுக்குச் சிரிக்காதவர்கள்

இன்று மதியம் அப்பாவை ஒரத்தநாட்டில் ஒரு குடும்பக் காமெடிப் படத்துக்குக் கூட்டிப் போனேன். குழந்தைகளுக்கு அலுப்பு, பெரியவர்களுக்குக் கூச்சம். யாருமே சிரிக்கவில்லை.

அப்பா மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பின்னாலிருந்து அச்சு அசலாக அதே சிரிப்பு.

திரும்பினால், பெரியப்பா!

வரப்புத் தகராறில் போன மாதம்தான் இருவரும் மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு நின்றார்கள்.

"அப்பா, இன்டர்வெல்லுக்கு முன்னாடியே கெளம்பிடலாம்ப்பா."

"சும்மா இருடா. நல்லாத்தான இருக்கு."

அடுத்த காட்சியில் தம்பிக்காரன் வயல் எல்லைக்கல்லைத் திருட்டுத்தனமாக நகர்த்திவிட்டுச் சேற்றில் குப்புற விழுந்தான். அவன் போனதும் அண்ணன்காரன் பதுங்கி வந்து, அதே கல்லை மறுபக்கம் நகர்த்தினான்.

தியேட்டரே முதல்முறையாகச் சிரித்தது, இரண்டு பேரைத் தவிர.

இடைவேளையில் பார்த்தால் பெரியப்பா இருக்கை காலி. அப்பாவும், "வா, போவலாம்" என்று எழுந்துவிட்டார்.

இந்தப் படத்தை யாருக்காகத்தான் எடுத்தார்கள் என்று இந்த விமர்சனப் பக்கத்தில் ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். எனக்குத் தெரிந்து இரண்டு பேர் இருக்கிறார்கள்.

நாளைக் காலை எங்கள் வயலை அளக்க சர்வேயர் வருகிறார். அவர்கள் இருவருக்கும் நடுவில் தனியாக நிற்க பயமாக இருக்கிறது. யாராவது கூட வருகிறீர்களா?