நூற்றெண்பது பேருக்கு ஒரு கிணறு

கொட்டாஞ்சேனை டோரினுக்குக் கணக்கும் கனவும் ஒன்றுதான். பஸ் ஜன்னலில் துறைமுகத்துக் கடல் ஒரு கீற்றுத் தெரிந்தால் போதும், மனம் எங்கோ மிதக்கத் தொடங்கிவிடும். அந்த வருஷம் அது கற்பிட்டிப் பக்கத்துச் சின்னத் தீவொன்றில் மிதந்தது. ஒரு நாளைக்கு எத்தனை சுற்றுலாக்காரரை அந்தத் தீவு தாங்கும் என்று சொல்வதுதான் சுற்றுலாத் திணைக்களக் கந்தோரில் அவளுடைய வேலை. கரையை அளந்தாள், ஆளுக்கு இவ்வளவு இடம் என்று வகுத்தாள், எழுநூறு என்று எழுதினாள். கந்தோரில் எல்லாருக்கும் வாயெல்லாம் பல்.

ஒன்றுதான் உறுத்தியது. தீவின் ஒரேயொரு கிணற்றில் ஹபீலா என்ற பெண் மொண்டு கொடுத்த தண்ணீர் உப்புக் கரித்தது.

"முந்தி இப்புடி இல்ல மிஸ். ஆக்கள் கூடக் கூட உப்புத்தான் ஊறுது."

இப்படியே போனால் ஊரைவிட்டே போகவேண்டியதுதான் என்றாள் ஹபீலா.

ஆனியில் அந்தோனியார் திருநாள் வந்தது. டோரினின் புருஷன் றேமண்ட் விருந்தாளிகளைப் பாய்க்கணக்கில்தான் அழைப்பார். ஹோலில் இருபத்திரண்டு பாய் விரியும்; மன்னாரிலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் இருபத்திரண்டு பேர் வந்தார்கள். படுக்க இடம் தாராளம். விடிந்ததும் ஏழாவது ஆள் குளித்ததோடு தாங்கியில் தண்ணீர் தீர்ந்தது. கோயில் மணி அடிக்க, மன்னாரிலிருந்து வந்த றொபேட் மாமா முகமெல்லாம் சவர்க்காரத்தோடு நின்றார்.

டோரின் வாளியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள். வெட்கமாயிருந்தது. இவ்வளவு படித்தும் அவள் போட்டதும் பாய்க்கணக்குத்தானே? இடம் எவ்வளவு கிடந்தென்ன, எது முதலில் தீர்கிறதோ அதுதான் கணக்கு.

கிணறு ஒரு நாளில் ஊறுவதை வைத்துத் திரும்பப் போட்டாள். நூற்றெண்பது வந்தது. மேலதிகாரி முதலில் சிரித்தார், பிறகு அவளுடைய பதவி உயர்வை நினைவூட்டினார். டோரின் எண்ணை மாற்றவில்லை. பதவி உயர்வு இன்னொருவருக்குப் போனது. அந்தக் கணக்கைப் பிழையென்று காட்ட ஒருவராலும் முடியாததால் எண் நிலைத்தது.

மூன்று வருஷம் கழித்து, வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகும்படி ஹபீலா சொல்லியனுப்பினாள். டோரினும் றேமண்டும் படகுத்துறைக்குப் போனார்கள்.

"இண்டைக்கு நூற்றெண்பது முடிஞ்சுது. நாளைக்கு வாங்க," என்றான் டிக்கெட் கொடுப்பவன்.

எண்ணைப் போட்டதே இவள்தான் என்று சொல்ல றேமண்ட் வாயெடுத்தார். டோரின் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். அழுகை வருமளவு சந்தோஷம் அவளுக்கு. தூரத்தில் தீவு பகல் வெளிச்சத்தில் மிதந்தது. அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். ஹபீலாவுக்குப் போனில் மட்டும் விஷயத்தைச் சொன்னாள்.

மத்தியானம் திரும்பிய படகில் ஒரு போத்தல் தண்ணீர் வந்தது. டோரின் கொஞ்சம் குடித்துவிட்டு றேமண்டிடம் நீட்டினாள். அவர் ஒரு மிடறு குடித்தார்.

"வெறும் தண்ணிதானே," என்றார்.

"ஓம்," என்றாள் டோரின். "வெறும் தண்ணிதான்."