பிலோமினா டீச்சரின் பாணிப் போத்தல்

மூன்றாம் பாடம் நடந்துகொண்டிருந்தபோது அதிபர் வகுப்பு வாசலுக்கு வந்து, பிலோமினா டீச்சர் விடியற்காலையில் மாரடைப்பில் போய்விட்டார் என்றார். ஆசிரியர் அறையில் கூடினோம். சங்கீத டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "நாய்க்குட்டிங்களுக்கு யாரு சாப்பாடு குடுத்தது?" உடனே இரண்டு பேர் தெமோதரையிலிருந்த அவர் வீட்டுக்கு ஓடினார்கள். அவருக்கு நாங்கள் செய்த முதல் மரியாதை அதுதான்.

அவரை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளங்கையில் அடங்கும் சிவாவா நாய்க்குட்டிகளை வளர்த்தார். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்க மாட்டார். பதுளையிலிருந்து ஒரு வங்கி மேனேஜர் காரில் வந்தார். "பகல்ல வீட்டுல யாரு இருப்பாங்க?" என்று கேட்டார் டீச்சர். யாரும் இல்லை என்றார் அவர். "இது மூணு மணி நேரத்துக்கு ஒரு தரம் திங்கணும் சார். ஒடம்புல சேத்து வைக்க எடமில்ல. வயிறு காஞ்சா ரத்தத்துல சீனி எறங்கி விழுந்துரும். பேங்குல அதுக்கு லீவு குடுப்பாங்களா?" மேனேஜர் தேநீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

தவக்காலத்தில் ஒரு ஞாயிறு, பூசையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நோயிலிருந்து தேறிவந்த குட்டி ஒன்று, துவாயில் சுற்றிய சுடுதண்ணீர்ப் போத்தலோடு அவர் கைப்பைக்குள் இருந்தது. ஃபாதர் நோன்பின் மேன்மை பற்றி நெடுநேரம் பிரசங்கித்தார். குட்டியின் தலை சரிந்தது. டீச்சர் சிறு போத்தலைத் திறந்து, கித்துல் பனையின் வெல்லப் பாகான பாணியை விரலில் தொட்டு அதன் ஈறில் தடவினார். சில நிமிடங்களில் குட்டி எழுந்து பிரசங்கத்துக்குப் பதில் சொல்லத் தொடங்கியது. டீச்சர் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்ச் சோறும் கோழியும் ஊட்டினார்.

பூசை முடிந்து ஃபாதர் கேட்டார்: "தவக்காலத்துல கோயிலுக்குள்ள பாணியா டீச்சர்?"

"அதுக்கு இன்னும் நோன்பு வயசு வரல ஃபாதர்."

ஒன்பது தரம் கேட்ட பிறகு எனக்கும் ஒரு குட்டி தந்தார். பிங்கி என்று பெயர் வைத்தோம். அடுத்த சனிக்கிழமை கொஸ்லந்தயிலிருந்து என் மனைவியின் சொந்தக்காரர்கள் பதினொரு பேர் வந்தார்கள். மழையும் குளிரும். காலை முழுக்கப் பிங்கி கை மாறிக்கொண்டே இருந்தது. சாப்பாடு கொடுத்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் மற்றவரை நம்பினோம். பகலானபோது அது கள்ளுக் குடித்தவன்போலத் தள்ளாடி, துணிபோலச் சுருண்டு விழுந்தது. என் மகள் அழத் தொடங்கினாள். டீச்சருக்கு ஃபோன் செய்தேன்.

"வாயில எதையும் ஊத்தாதீங்க, பொறையேறிரும். பாணிய ஈறுல தடவுங்க. கம்பளில சுத்துங்க. நா வாறேன்."

தடவினேன். அந்தச் சில நிமிடங்களில் மறந்துபோன ஜெபங்களெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தன. பிங்கி நாக்கை நீட்டி என் விரலை நக்கியது. அதற்குள் டீச்சர் காலுக்கொரு நிறச் செருப்போடு த்ரீவீலரில் வந்து இறங்கினார். பிங்கிக்குச் சாப்பாடு ஊட்டி, மிருக வைத்தியரிடம் காட்டிவிட்டுத் திரும்பி வந்து, தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணும் பெரட்டுபோலப் பதினொரு பேரையும் வரிசையாக நிறுத்தினார்.

"தூங்குதுன்னு விட்டுறாதீங்க. தூக்கம் வேற, மயக்கம் வேற. எழுப்பிப் பாருங்க" என்றார். என் மாமனார் உட்பட எல்லோரும் "சரிங்க டீச்சர்" என்றார்கள்.

பிங்கி இப்போது கொழுத்துப்போய் என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது வேறொன்று. முதல் பாடத்தில் மேசையில் தலை சாய்க்கும் பிள்ளைகளை முன்பெல்லாம் அதட்டி எழுப்புவேன். இப்போது பக்கத்தில் போய்க் குனிந்து, "காலையில என்ன சாப்பிட்ட?" என்று கேட்கிறேன். பல நாட்களில், வெறும் தேத்தண்ணி என்றே பதில் வருகிறது. என் மேசை லாச்சியில் எப்போதும் ஒரு பாக்கெட் பிஸ்கட் இருக்கிறது.