காப்பிக் கறை பட்ட பொன்னாடை

அந்தோணி போய்விட்டான். வயலின் அந்தோணி. இன்று காலை, கடலூரில், வீட்டிலேயே... நெஞ்சு வலிக்கிறது என்றானாம். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

தெரியாதவர்களுக்கு: சிதம்பரத்திலோ கடலூரிலோ எந்த நாட்டிய மேடையானாலும், ஆடுபவரின் காலைப் பார்த்தபடி ஓரமாக உட்கார்ந்து வயலின் வாசிப்பானே, அவன்தான். பக்கத்தில் மிருதங்கத்தோடு நான்.

எங்கள் ஊர்ப்பக்கம் கலைஞனுக்குக் காசு கொடுக்கும் கெட்ட பழக்கம் கிடையாது. பொன்னாடை போர்த்துவோம்.

பந்தல்காரர் அட்வான்ஸ் வாங்காமல் ஒரு கம்பு நட மாட்டார். சமையல்காரருக்கும் ரொக்கம்தான். அவர்கள் மீது யாருக்கும் மரியாதை இல்லை பாருங்கள், அதனால் பணம் கொடுத்துச் சமாளிக்கிறார்கள்.

பொன்னாடையை வேகவைத்துச் சாப்பிட முடியாது. அந்தோணி அதைச் சிதம்பரத்தில் ஒரு கடையில் பாதி விலைக்குக் கொடுத்துவிடுவான். கடைக்காரர் இஸ்திரி போட்டு, புது கவரில் போட்டு, அடுத்த விழாவுக்கு விற்பார்.

ஒரு தடவை வீடு திரும்பும்போது புவனகிரியில் பஸ் நின்றது. காப்பி கொட்டி ஒரு பொன்னாடையின் மூலை கறையாகிவிட்டது. அவன் மனைவி ஸ்டெல்லா எவ்வளவோ தேய்த்தும் போகவில்லை. கடைக்காரர் கறையை உள்பக்கமாக மடித்து வாங்கிக்கொண்டார்.

சில மாதம் கழித்து, கடலூரில் ஒரு ஆண்டு விழா. அந்தோணிக்குப் போர்த்தினார்கள். மேடையிலேயே மூலையை விரித்து என்னிடம் காட்டினான்.

"மச்சான், இங்க பாரு... வழி கண்டுபுடிச்சி வந்துட்டான்!"

மறுபடியும் அதே கடையில் விற்றான்.

போன வருடம் சிதம்பரத்தில் ஒரு ஓட்டல் ஏசி ஹாலில் கூட்டம். கலையால் ஊருக்கு என்ன வருமானம் என்று பேசினார்கள். நாட்டிய விழா நடந்தால் லாட்ஜ் நிறைகிறது, ஆட்டோ ஓடுகிறது, பூ விற்கிறது, டிபன் கடையில் மாவு தீர்கிறது... எல்லாம் ஸ்லைடு போட்டுக் காட்டினார்கள். ஒரே கைதட்டல்.

கடவுள் வாழ்த்துக்கு நாங்கள் இருவரும். வழக்கம்போல இலவசம்.

முடிவில் விழாக் குழுத் தலைவர் பொன்னாடையோடு வந்தார். சொந்தமாக லாட்ஜ் வைத்திருப்பவர். அந்தோணி மெதுவாகத்தான் சொன்னான், மைக் ஆனில் இருந்தது.

"சார், இது வேணாம் சார். வயலினுக்கு ஒரு செட் கம்பி வாங்கிக் குடுங்க. தேஞ்சி போச்சி, எப்ப அறுவும்னு தெரில."

"என்னா அந்தோணி, உங்களுக்குப் போயி கம்பி குடுத்து அசிங்கப்படுத்துவமா? நீங்க ஆர்ட்டிஸ்ட்டுங்க!"

"அப்ப உங்க லாட்ஜில பொன்னாடை போத்துனா ரூம் சாவி குடுப்பீங்களா சார்?"

ஹாலே சிரித்தது. தலைவரும் சிரித்தார். "ஆர்ட்டிஸ்ட்டுக்கே உள்ள குசும்பு" என்று மைக்கில் பாராட்டிவிட்டு, போர்த்தியும் விட்டார்.

அடுத்த மாதம் ஒரு அரங்கேற்றத்தில் கம்பி அறுந்தது. மிச்சம் இருந்த மூன்றில் வாசித்து முடித்தான். அன்று பூ விற்பனை குறைந்ததாகத் தகவல் இல்லை.

இன்று மதியம் தலைவர் காரில் வந்தார். "நம்ம ஊருக்கே பெரிய நஷ்டங்க" என்றார். எவ்வளவு என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஸ்லைடு இருக்கிறது.

கவரைப் பிரித்து, பெட்டிக்குள் கிடந்தவன் மீது பொன்னாடையைப் போர்த்தினார். போட்டோ எடுத்தார்கள். கிளம்பிவிட்டார்.

சரிந்திருந்த ஓரத்தைச் சரி செய்யப்போன ஸ்டெல்லா அப்படியே நின்றாள். மூலையைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"அண்ணே... இது நம்மளுதுதானே?"

அதே காப்பி.

நாளைக் காலை அடக்கம். வருகிறவர்கள் வாருங்கள். கையில் எதுவும் கொண்டுவர வேண்டாம்.

போயிட்டு வா மச்சான். இந்தத் தடவ இத நீயே வச்சுக்க.