மனைவியின் போனுக்குப் போன எண்

எனக்குப் போனில் பேச வராது. நேரில் பேசுவதே குறைவு. எதிரில் முகமும் இல்லாவிட்டால் வாய் அடியோடு கட்டிக்கொள்ளும். என்னிடமும் ஒரு கைப்பேசி இருக்கிறது. அதில் பாட்டுக் கேட்பேன், மகள் அனுப்பும் படங்களைப் பார்ப்பேன். மணி அடித்தால் மட்டும் எடுத்து மனைவியிடம் நீட்டிவிடுவேன். ஆஸ்பத்திரியோ வங்கியோ, எங்கே எண் கேட்டாலும் அவளுடையதைத்தான் கொடுப்பேன். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் கொடுத்திருந்தேன்.

மலேசியாவில் பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான் தோட்டக்காரன். சுற்றிலும் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். புல் வெட்டுகிறவனுக்கும் பள்ளி மின்னஞ்சல் கணக்கு உண்டு என்றபோது சிரித்தேன். பிறகு, விடுப்புக் கேட்பதும் அதன் வழியாகத்தான் என்று ஆகிவிட்டது.

மகளுக்குச் சிலிம் ரிவர் பக்கம் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை பதிவு. அந்த ஒரு நாள்தான் பெண்கள் விடுதிக்குள் அப்பாக்களை விடுவார்கள். அவள் எந்தக் கட்டிலில் படுக்கப்போகிறாள் என்று என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் எனக்கு. வெள்ளிக்கிழமை காலையில் விடுப்புக் கேட்க அலுவலகத்துக்குப் போனேன்.

பள்ளி எழுத்தரை நாங்கள் கிராணியம்மா என்போம்; எஸ்டேட் காலத்து வழக்கம். என்னைவிட வயதில் சின்னவர். என் கணக்கைத் திறக்கப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"அண்ணே, பூட்டிக்கிச்சு லா. அன்னிக்கே எல்லாருக்கும் சொன்னேனே. இப்ப பாஸ்வேர்டு மட்டும் பத்தாது. போனுக்கு ஒரு நம்பர் வரும், அதையும் போட்டாத்தான் தெறக்கும். போனப் பாருங்க."

பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

"இது யாரு நம்பர்?" என்று திரையைக் காட்டினார்.

"வீட்டுக்காரம்மாது."

"அவங்க எங்க?"

"வேலையில."

என் மனைவிக்கு லகாட் பக்கத்தில் ஒரு கையுறை ஆலையில் வேலை. உள்ளே நுழையும்போதே கைப்பேசியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும், சாயங்காலம்தான் எடுப்பாள். தலைமையாசிரியரோ மதியம் ஈப்போவுக்குக் கூட்டத்துக்குப் போகிறார். அதற்குள் அவர் ஒப்புதல் கொடுக்காவிட்டால், திங்கட்கிழமை நான் இங்கே புல் வெட்டிக்கொண்டிருப்பேன்.

"ஃபேக்டரி ஆபீசுக்கு அடிங்கண்ணே."

"நீங்க பேசுங்களேன்."

"எம் பொண்டாட்டியா அவங்க? நீங்கதான் பேசணும்."

அவசரத்துக்கென்று மனைவி பதிந்து கொடுத்திருந்த ஆலை எண்ணை அழுத்தினேன். மேற்பார்வையாளர் எடுத்தார். மனைவி பெயரைச் சொல்லி, அவளுடைய போனையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள் என்று மலாயில் எப்படியோ கேட்டுவிட்டேன். எதற்கு என்று சொல்ல வாய் வரவில்லை. ஆலைக்குப் போன் வந்தால் அது பெரும்பாலும் சாவுச் செய்திதான் என்பதும் நினைவுக்கு வரவில்லை.

"ஹலோ, யாருக்கு என்னாச்சு?" அவளுக்கு மூச்சு வாங்கியது.

"ஒண்ணுமில்ல. உன் போனுக்கு ஒரு நம்பர் வரும். அதச் சொல்லு."

அவள் குரல் சட்டென்று மாறியது.

"யாருடா நீ?"

"நான்தான்."

"நான்தான்னா? எங்க வீட்டுக்காரரு போன்ல பேசவே மாட்டாரு. நம்பர் சொல்லணுமாம், நம்பர்! போலீஸ்ல குடுத்துருவேன் பாத்துக்க!"

அவளோடு வேலை செய்யும் ஒருத்தி இப்படித்தான் யாரிடமோ எண்ணைச் சொல்லி வங்கிப் பணத்தை விட்டிருந்தாள். போதாததற்கு, பதற்றத்தில் என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது. கிராணியம்மா என் கைப்பேசியில் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார்.

"அக்கா, நான் ஸ்கூல் கிராணி பேசுறேன். அண்ணன்தான் இது."

"ஓ, பொம்பளையும் சேந்துக்கிட்டியா? கூட்டமா கெளம்பிட்டீங்களா?"

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் தம் அறையிலிருந்து வந்து வாசலில் நின்றார்.

"சரி, எங்க வீட்டுக்காரருன்னா சொல்லு. காலையில என்ன கட்டிக் குடுத்தேன்?"

"மீகூன்."

"அத எவன் வேணும்னாலும் சொல்லுவான். எப்படி இருந்துச்சு?"

இரண்டு பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ம்," என்றேன்.

"அட, நீங்கதானா!" அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. "கல்யாணம் ஆன நாள்லருந்து இந்த 'ம்'மத்தானே கேக்குறேன். வேற எவனுக்கும் வராது லா இது. கை காலெல்லாம் உதறுதுங்க எனக்கு. சாயங்காலம் வீட்டுக்கு வாங்க, இருக்கு."

கிராணியம்மா சிரித்துக்கொண்டே மறுபடியும் எண்ணை அனுப்பச் செய்தார். மனைவி ஒவ்வொரு இலக்கமாக நிறுத்திச் சொன்னாள். கணக்கு திறந்தது. கையோடு அவள் எண்ணை நீக்கி என் எண்ணைப் போட்டார். அடுத்த எண் என் கைப்பேசிக்கே வந்தது. நானே வாசித்துக் காட்டினேன். விண்ணப்பத்தில் காரணம் என்று இருந்த இடத்தில், மகளைக் கல்லூரியில் சேர்க்க, என்று எழுதினோம்.

தலைமையாசிரியர் தம் அறைக்குள் போய் உடனே ஒப்புதல் கொடுத்தார். "போயிட்டு வாங்கண்ணே. அங்க போயி யாருக்கும் போன் மட்டும் பண்ணிறாதீங்க," என்று உள்ளேயிருந்தே குரல் வந்தது.

திங்கட்கிழமை மெத்தையைக் காருக்குள் வளைத்துத் திணித்துக்கொண்டு மூவரும் போனோம். மாடியில் நாலு பேருக்கான அறை. மகள் சுவர் ஓரத்துக் கட்டிலைப் பிடித்தாள். உட்கார்ந்து பார்த்தேன், ஒரு பக்கம் ஆடியது. வராந்தாவில் கிடந்த காலி அட்டைப்பெட்டியைக் கிழித்து மடித்துக் கட்டில் காலுக்கு அண்டை கொடுத்தேன்.

"போதும்ப்பா, எல்லாரும் பாக்குறாங்க," என்றாள் மகள்.

இன்னொரு தடவை உட்கார்ந்து பார்த்தேன். ஆடவில்லை. மனைவி விரிப்பைத் தட்டிப் போட்டாள்.