உருளும் பால்ரஸ், ஒழுகும் ஆயில்

கூரைக்குக் கீழே இன்ஜினைப் பிரிக்கிற மெக்கானிக் இன்ஜினைப் பார்த்து வேலை செய்கிறான். வண்டி நின்ற இடத்திலேயே பிரிக்கிறவன் தரையைப் பார்த்து வேலை செய்கிறான். நான் இரண்டாவது ரகம். வேலூரிலிருந்து ஆம்பூர் வரைக்கும் யார் போன் பண்ணினாலும், நானும் என் பார்ட்னர் யூசுப்பும் டூல் பெட்டியோடு பைக்கில் போய் இறங்கிவிடுவோம். ரோட்டோரம், வயல் வரப்பு, கம்பெனி வாசல், கல்யாண வீடு, எதுவானாலும் அன்றைக்கு அதுதான் எங்கள் ஒர்க்‌ஷாப்.

டூல் பெட்டியோடு இன்னும் மூன்று சாமான்கள் கூடவே வரும். கீழே விரிக்க ஒரு தார்ப்பாய், ஆயில் பிடிக்கப் பக்கவாட்டில் அறுத்த ஒரு கேன், உருண்டு ஓடியதைத் தேடக் கயிற்றில் கட்டிய ஒரு ஸ்பீக்கர் காந்தம். "இந்த மூணும் இருந்தா ஒரு சொட்டு சிந்தாது, ஒரு நட்டு தொலையாது" என்று புது கஸ்டமர்களிடம் கெத்தாகச் சொல்வேன். இதைப் படிக்கிற மெக்கானிக் தோஸ்துகளே, சிரிக்காதீர்கள். மெக்கானிக் பக்கத்தில் உச்சி வெயிலில் காத்து நின்ற வண்டிக்காரர்களே, நீங்களும்தான். நாம் எல்லோருமே ஏதோ ஒரு நட்டைத் தேடி ஏதோ ஒரு மண்ணில் முட்டி போட்டவர்கள்.

பஜாரில் ஒரு பிரசவம்

மளிகைக் கடைகளுக்குச் சரக்கு போடும் வரதனின் மொபெட் லாங் பஜார் நடுவில் நின்றுவிட்டது. பிளக்கை மாற்றினதும் ஸ்டார்ட் ஆகிவிட்டது. அதோடு நான் கிளம்பியிருக்கலாம். "அப்படியே ஹேண்டிலையும் பாத்துடு மெக்கானிக், திருப்பவே முடியல" என்றார். சரி என்று உட்கார்ந்தேன். தார்ப்பாய் விரிக்க இடமில்லை. விரித்தால் அடுத்த நிமிஷம் அதன் மேல் கைவண்டி ஏறிவிடும். ஹேண்டில் நட்டைக் கழற்றி லேசாகத் தூக்கினேன். உள்ளே இருந்த இருபத்திரண்டு பால்ரஸ் குண்டுகளும், ஸ்கூல் விட்ட மாதிரி, ஆளுக்கொரு திசையில் ஓடின.

"யாரும் அசையாதீங்க!" என்று யூசுப் கத்தினான். பஜாரில் அப்படிக் கத்தினால் என்ன ஆகும்? எல்லோரும் அசைந்தார்கள். பூ விற்கிற அம்மா குனிந்தார். கைவண்டிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டுச் சக்கரத்துக்கு அடியில் துழாவினார். கொத்தமல்லி வாங்க வந்தவர் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சாக்கடை ஓரம் போனார். பத்து நிமிஷத்தில் ஆளாளுக்கு எடுத்து வந்து என் உள்ளங்கையில் போட்டார்கள். எண்ணிப் பார்த்தேன், இருபத்தைந்து. மறுபடி எண்ணினேன், அதே இருபத்தைந்து. ஒன்று சைக்கிளுடையது, ஒன்று எந்தக் காலத்து வண்டியுடையதோ, இன்னொன்று பாசிமணி. வரதன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுற்றி நின்ற கூட்டத்துக்கெல்லாம் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "இன்னா மெக்கானிக், நம்ம பஜார்ல பால்ரஸ் கூட குட்டி போடுது பாரு!"

பதினாறு குழி

சின்னச் சாமான்களைக் கலக்காமல் வைக்க இட்லித் தட்டைப் போல ஒன்றை இதுவரை எந்தக் கம்பெனியும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு குழியில் ஸ்பிரிங், ஒரு குழியில் வாஷர், ஒரு குழியில் ஸ்க்ரூ. காற்றடித்தாலும் பறக்காது, காலில் இடறினாலும் கொட்டாது. வீட்டில் பதினாறு குழித் தட்டு ஒன்று சும்மாதானே கிடக்கிறது என்று ஒரு வாரம் எடுத்துப் போனேன். தினமும் சாயங்காலம் பெட்ரோலில் கழுவி, சோப்புப் போட்டுத் தேய்த்து, சத்தமில்லாமல் அலமாரியில் வைத்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்து மாவு ஊற்றும்போது என் மனைவி எஸ்தர் தட்டை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். மாவை மூடி வைத்தாள். கையைக் கழுவினாள். அப்புறம்தான் திரும்பினாள்: "இன்னிக்கு டிபனுக்கு வால்வு ஸ்பிரிங் வேகவைக்கட்டுமா, இல்ல வாஷர் போதுமா?"

கன்னியம்மா கட்டிய மடை

இது சிரிப்பில் முடிந்தாலும், அப்படி முடியாமலும் போயிருக்கக்கூடிய சம்பவம். கணியம்பாடி பக்கம் கன்னியம்மா என்கிற அம்மாவுக்கு ஒன்றரை ஏக்கர் கத்தரித் தோட்டம். கிணற்று மேட்டில் டீசல் இன்ஜின். அந்தக் கோடையில் ஊர் போர்வெல் வறண்டு, பக்கத்து நாலு வீட்டுக்காரர்களும் அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடத்தில் கொண்டுபோய்க் குடித்துக்கொண்டிருந்தார்கள். இன்ஜின் புகையாகக் கக்கியது. கிணற்று விளிம்பிலிருந்து ஆறடி கூட இல்லை. "ஆயில் கீயில் கெணத்துல உழுந்துது, அவ்ளோதான்" என்று அந்தம்மா முதலிலேயே விரலை நீட்டிச் சொன்னார். நான் வழக்கம்போல, "மூணு சாமான் இருக்குதும்மா, ஒரு சொட்டு சிந்தாது" என்றேன்.

தார்ப்பாய் விரித்து, கேனை வைத்து, பழைய ஆயிலை இறக்கினேன். மூன்று லிட்டருக்கு மேல், தார் மாதிரிக் கறுப்பு. கேன் நிறைந்ததும் அப்படியே விட்டுவிட்டு, ஃபில்டரைக் கழற்ற அந்தப் பக்கம் போனேன். அங்கே மேய்ந்துகொண்டிருந்த வெள்ளாடு ஒன்றுக்கு அந்தக் கேனில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றியது. மூக்கை விட்டது, பிடிக்கவில்லை, காலால் ஒரு உதை விட்டது. ஆயில் தார்ப்பாயின் மடிப்பில் வாய்க்கால் மாதிரி ஓடி, தரையில் இறங்கி, நேராகக் கிணற்றைப் பார்த்துப் போனது.

நான் கத்தினேன். கத்துவதைத் தவிர எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. யூசுப்புக்குத் தோன்றியது. ஓடிப்போய், கிணற்றுக்கும் ஆயிலுக்கும் நடுவில், கட்டியிருந்த லுங்கியோடு சப்பென்று உட்கார்ந்தான். ஆயில் அவனிடம் வந்து ஒரு நொடி தயங்கியது; பிறகு இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தது. அதற்குள் கன்னியம்மா மண்வெட்டியோடு வந்துவிட்டார். இடது பக்கம் ஒரு வெட்டு, வலது பக்கம் ஒரு வெட்டு, மண்ணை இழுத்து அணைத்து காலால் ஒரு மிதி. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது மடை மாற்றுவார்களே, அதே கை. ஆயில் அப்படியே திரும்பி மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு குழியில் போய்த் தேங்கியது. விளிம்புக்கு ஒரு முழம் இருந்தது.

மூன்று பேரும் கிணற்றை எட்டிப் பார்த்தோம். தண்ணீர் தெளிவாக இருந்தது. ஒரு வாளி இறைத்து மோந்து பார்த்து, வாயில் ஊற்றிக் கொப்பளித்துப் பார்த்த பிறகுதான் அந்தம்மாவுக்கு மூச்சு வந்தது. எனக்கும்தான். நனைந்த மண் முழுவதையும் ஒரு முழ ஆழத்துக்கு வெட்டி மூன்று சாக்கில் கட்ட வைத்தார். இன்னொரு காலிச் சாக்கை யூசுப் இடுப்பில் சுற்றிக்கொள்ளக் கேட்டான், லுங்கி அந்த நிலைமையில் இருந்தது. கிளம்பும்போது "மன்னிச்சிக்கம்மா" என்றேன். மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "தண்ணிய திருப்பத் தெரிஞ்சவளுக்கு ஆயில திருப்பத் தெரியாதா, நீ அந்த மண்ண மறக்காம எடுத்துனு போ!"

நல்ல கலர்

ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனி. ஜெனரேட்டருக்கு சர்வீஸ். ஆயில் ஃபில்டரைக் கழற்றும்போது கை வழுக்கி, ஃபில்டர் தலைகீழாக விழுந்து, சிமெண்டுத் தரையில் ஆயில் பரவியது. பத்தடி தள்ளி ஏற்றுமதிக்குக் கட்டி வைத்த தோல் கட்டுகள். யூசுப் கதவோரம் இருந்த அட்டைப்பெட்டிக்குள் கையை விட்டான். சந்தன நிறத்தில் கையகலத் தோல் துண்டுகள். வேஸ்ட் என்று நினைத்து, அள்ளி அள்ளிப் போட்டுத் துடைத்தான். நல்ல தோல், சும்மா சொல்லக் கூடாது, உறிஞ்சு உறிஞ்சென்று உறிஞ்சியது. தரை பளிச்சென்று ஆனது.

அப்போது சூப்பர்வைசர் நசீர் பாய் வந்தார். பெட்டியைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். அந்தத் துண்டுகள், தோல் வாங்கப் பதினோரு மணிக்கு வரப்போகிற வெளிநாட்டு பையருக்குக் காட்ட ஒரு வாரமாகத் தயார் பண்ணிய சாம்பிள்கள். பெட்டியில் எழுதியிருந்தது, எழுத்து சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பிழைத்த துண்டுகளை மேலே அடுக்கி, பாழானவற்றைத் துணியால் துடைத்துத் துடைத்துக் கடைசியில் செருகினோம். நாங்கள் சாமான் கட்டிக்கொண்டு நழுவும்போது பையர் வாசலுக்கு வந்தார். வெளிச்சத்தில் ஒரு துண்டைத் தூக்கிப் பிடித்துத் தடவினார், மோந்து பார்த்தார், தலையை ஆட்டினார். கறுப்பும் செம்பழுப்புமாக மேகம் படர்ந்த மாதிரி ஒரு துண்டு. நான் பைக்கை உதைத்துக் கிளப்பிவிட்டேன். மறுநாள் காலையில் நசீர் பாயிடமிருந்து போன். தன் வேலை போய்விட்டது என்று சொல்லப்போகிறார் என்று பயந்துகொண்டே எடுத்தேன். அவர் குரல் ரகசியமாக வந்தது: "அவருக்கு அந்த கலர்தான் வேணுமாம், அது இன்னா ஆயிலு, எத்தினி மணி நேரம் ஓடுனதுன்னு கரெக்டா சொல்லு!"

சிஸ்டர் குளோரியின் கொண்டை

சத்துவாச்சாரி பக்கம் ஒரு சர்ச்சில் காலைக் கல்யாணம். கரண்ட் போய்விட்டது, ஜெனரேட்டர் ஒரு இருமு இருமிவிட்டு நின்றுவிட்டது. பாஸ்டருக்கு மெல்லிய குரல். மைக் இல்லாவிட்டால் முதல் பெஞ்சுக்கே கேட்காது. வால்வு ஒட்டிக்கொண்டிருந்தது. வெளியே வேப்பமரத்தடியில் வைத்துப் பிரித்தேன். வால்வு ஸ்பிரிங்கைப் பிடித்து வைக்க அரை நிலா மாதிரி இரண்டு சின்ன லாக் உண்டு, வேப்பங்கொட்டை அளவுதான் இருக்கும். பாடகர் குழுவில் பாடும் குளோரி என்கிற நர்ஸ் சிஸ்டர் என் முதுகுக்குப் பின்னால் குனிந்து, "எப்ப ரெடியாவும்ணே?" என்று கேட்டபோதுதான் ஸ்பிரிங்கை அமுக்கினேன். 'டிங்' என்றது. ஒரு லாக்கைக் காணோம்.

தார்ப்பாயை உதறினோம். காந்தத்தைக் கட்டித் தரையெல்லாம் இழுத்தோம். அதில் ஆணியும் குண்டூசியும்தான் ஒட்டின. குளோரி இன்னொரு தடவை வந்து கேட்டுவிட்டுப் போனார். உள்ளே மைக் இல்லாமல் பாட்டு, விசிறி இல்லாமல் வியர்வை. மாப்பிள்ளை "ஆம்" என்று சொன்னாரா என்பதே பாதிப் பேருக்குத் தெரியவில்லை. ஜெபத்துக்கு எல்லோரும் தலை குனிந்தபோது, அந்த நிசப்தத்தில் பாடகர் குழு பக்கம் 'டிங்' என்று ஒரு சத்தம். குளோரியின் கொண்டையில் இருந்த மல்லிகைப் பூவுக்குள்ளிருந்து லாக் தரையில் விழுந்தது.

அதைக் கர்ச்சீப்பில் வைத்து வெளியே கொண்டுவந்தார். மாட்டி, இழுத்தேன், ஜெனரேட்டர் ஓடியது, கடைசி ஆசீர்வாதம் மட்டும் மைக்கில் ஊருக்கே கேட்டது. நான் சாமான்களை வாரிப் பெட்டியில் போடுவதை குளோரி சிறிது நேரம் நின்று பார்த்தார். ஆபரேஷன் தியேட்டரில் வேலையாம். கொண்டையைச் சரி செய்துகொண்டே சொன்னார்: "நாங்க எல்லாத்தையும் எண்ணிப் பாத்துட்டுதான் வயித்த தைப்போம், நீங்க எண்ணவே மாட்டீங்களாண்ணே?"

மிச்சமான போல்ட்

அன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தேன். எண்ணியதால் வந்த வினை இது. ஏழுமலை என்கிற ஆட்டோக்காரருக்கு ரோட்டோரம் இன்ஜினை இறக்கி, பார்த்து, ஏற்றிக் கொடுத்தேன். அவர் உடனே ஒரு பெரியவரைச் சவாரி ஏற்றிக்கொண்டு காட்பாடி ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டார். தார்ப்பாயை மடிக்கும்போது எண்ணிப் பார்த்தால், விரல் நீளத்துக்கு ஒரு போல்ட் மிச்சம். இன்ஜினை வண்டியோடு பிடித்து வைக்கிற போல்ட்! நான்கில் ஒன்று. பாலம் ஏறும்போது மற்ற மூன்றும் தளர்ந்தால், ஆட்டோ ஒரு பக்கம், இன்ஜின் ஒரு பக்கம்.

பைக்கை எடுத்துத் துரத்தினேன். யூசுப் பின்னால் உட்கார்ந்து போல்ட்டைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு "நிறுத்து, நிறுத்து!" என்று கத்தினான். ஹெல்மெட்டும் கரியுமாக இரண்டு பேர் இரும்பைக் காட்டிக் கத்திக்கொண்டு வந்தால் ஆட்டோவில் இருக்கிறவர் என்ன நினைப்பார்? "யாரோ ரவுடிங்க, வேகமா போப்பா" என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். ஏழுமலை விரட்டினார். நான் எவ்வளவு வேகமாகப் போனேனோ, அந்த ஆட்டோ அதைவிட வேகமாகப் போனது. நான் பார்த்த வேலை அவ்வளவு நன்றாக இருந்தது. பாலத்துக்கு முன்னால் லாரி ஒன்று குறுக்கே நின்றதால் பிடித்தோம். ரோட்டோரம் படுத்து, போல்ட்டை முடுக்கி, மற்ற மூன்றையும் இறுக்கினேன். ஒன்று நிஜமாகவே தளர்ந்திருந்தது. பெரியவர் அதைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார். ஏழுமலை மட்டும் யோசனையோடு நின்றார்: "அது இல்லாமலே இவ்ளோ வேகமா போச்சே மெக்கானிக், அப்ப இத்தினி வருஷமா அத சும்மாவா சுமந்துனு இருந்தேன்?"

இத்தனை வருஷத்தில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: எந்த இன்ஜினும் தானாக ஒரு சொட்டு சிந்துவதோ ஒரு நட்டைத் தொலைப்பதோ இல்லை, அதற்கெல்லாம் எங்களைப் போல அனுபவசாலிகள் வந்து திறக்க வேண்டியிருக்கிறது.