வெள்ளைக்காரர்களில் யாருக்கு யார் சொந்தம்

ஊர் சுற்றிக் காட்டுகிற வேலையில் ஊரைத் தெரிந்து வைத்திருப்பது கால்வாசிதான், மிச்சம் முக்கால்வாசி யாரை யார் பக்கத்தில் நடக்க விடுவது என்பது. லாட்ஜிலோ கல்யாணப் பந்தியிலோ முன்பின் தெரியாத ஆட்களைச் சேர்த்து உட்கார வைத்துத் திட்டு வாங்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். படிப்பு வரவில்லை, அதில் வருத்தமும் இல்லை. ரங்கூனில், பசுந்தாங் பேட்டையில் காசிம் நானா ஒரு சின்ன விடுதி நடத்துகிறார். அங்கே தங்குகிறவர்களைக் காலையில் பஸ் ஏற்றி, நகரத்தின் நடுவில் இருக்கிற பபேடான் தெருக்களில் நடத்திக் கூட்டிப் போவது என் வேலை. மழைக்காலத்தில் ஆள் வருவதே அபூர்வம். நாலு பேர் சேர்ந்தால்தான் நடை, இல்லாவிட்டால் ரத்து என்பது நானாவின் சட்டம். மழை விடுவதற்குள் நடை சூடுபிடிக்காவிட்டால் மூடிவிடுவேன் என்று வேறு சொல்லிவிட்டார். மூடினால் எனக்குத் தின்கன்ஜூனில் சித்தியின் தையல் கடைதான். ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பட்டன் தைக்க என்னால் ஆகாது. வருகிறவர்களை எப்படியாவது ஒன்றாக நடக்க வைத்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

வெள்ளைக்காரர்கள் எல்லாரும் ஒன்று என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். எங்களைத் தமிழரா, தெலுங்கரா என்று கேட்காமல் ஒரே பெயரில் யாராவது கூப்பிட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதையே நான் அவர்களுக்குச் செய்கிறேன் என்று தோன்றவே இல்லை.

திட்டுகிற உரிமை

டென்மார்க்காரர் ஒருவரும் ஸ்வீடன்காரர் ஒருவரும் ஒரே நடையில் வந்தார்கள். கிளம்பியதிலிருந்து டென்மார்க்காரர் ஸ்வீடன்காரரை விடவே இல்லை. இவர்களுக்குச் சிரிக்கத் தெரியாது, எதற்கெடுத்தாலும் கூட்டம் போட்டுப் பேசுவார்கள், குடிப்பதற்குக்கூட எங்கள் ஊருக்குத்தான் கப்பல் ஏறி வருவார்கள் என்று வழி நெடுக நக்கல். ஸ்வீடன்காரரும் தன் பாஷையில் ஏதோ திருப்பிக் கொடுத்தார். இவர் தன் பாஷையில் பதில் சொன்னார். அது அவருக்குப் புரிந்தது.

நான் டென்மார்க்காரரைக் குஷிப்படுத்தலாம் என்று, ஆமாம், போன மாதம் வந்த ஸ்வீடன்காரர்களும் இப்படித்தான் உம்மென்று இருந்தார்கள் என்றேன். அவர் முகம் சட்டென்று மாறிவிட்டது. கோயில் வாசல் வரை எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னார்: "அவன் எங்க பெரியண்ணன் மாதிரிம்மா. நான் திட்டுவேன். நீ திட்டக் கூடாது."

வரைபடத்தில் இல்லாத உறவு

பக்கத்து நாடு என்றால் சொந்தம் என்று அதிலிருந்து ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். அடுத்து வந்த ஹங்கேரி அம்மாளிடம், உங்கள் பக்கத்து நாட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார், சேர்ந்து நடக்கலாம் என்றேன். முழங்கால் வலிக்கிறது என்று அறைக்குப் போய்விட்டார். ஆனால், பின்லாந்துக்காரர் ஒருவரும் வருகிறார் என்று நானா சொன்னது காதில் விழுந்ததும் குடையோடு கீழே இறங்கி வந்துவிட்டார். முழங்கால் என்ன ஆனதென்று நான் கேட்கவில்லை. எனக்கு வேண்டியது நாலாவது ஆள்.

ரெண்டு நாட்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று போனில் பார்த்தேன். எங்கேயோ இருக்கிறது ஒன்று, எங்கேயோ இன்னொன்று. தேநீர்க்கடையில் உட்கார்ந்து உங்கள் பாஷையில் மீனுக்கு என்ன வார்த்தை, கைக்கு என்ன, தண்ணீருக்கு என்ன என்று அந்த அம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தார். பின்லாந்துக்காரர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சே ஓடவில்லையே, என்ன சொந்தம் இது என்று நான் நேராகவே கேட்டுவிட்டேன். அந்த அம்மாள் கோபப்படவில்லை. "ரெண்டு பாஷையும் ஒரே குடும்பம்னு படிச்சவங்க சொல்றாங்க, எனக்கு ஒரு வார்த்தை புரியலை. ஆனா எங்க பாஷைக்குச் சொந்தம்னு சொல்லிக்க அந்தப் பக்கம் வேற யார் இருக்கா?" என்றார்.

தயிர் யாருடையது

கிரீஸ்காரரும் பல்கேரியாக்காரரும் லஸ்ஸிக் கடையில் மோதிக்கொண்டார்கள். தயிரைக் கண்டுபிடித்தது யார் என்பது தகராறு. முதலில் சிரித்துக்கொண்டுதான் பேசினார்கள். பிறகு மேசையைத் தட்டினார்கள். மற்ற ரெண்டு பேரும் நாற்காலியை நகர்த்திப் போட, என் கண்ணுக்குச் சித்தியின் தையல் மெஷின் தெரிய ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்து லஸ்ஸி வந்தது. மேலே ஐஸ், உள்ளே சர்க்கரை. ரெண்டு பேரும் ஒரு வாய் குடித்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், உடனே கட்சி சேர்ந்து கடைக்காரர் மேல் பாய்ந்தார்கள். தயிரில் யாராவது சர்க்கரை போடுவார்களா, பூண்டும் வெள்ளரிக்காயும் அல்லவா போட வேண்டும் என்று ஒருவர் ஆரம்பிக்க மற்றவர் முடித்தார். கடைக்கார பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னிடம் தமிழில் சொன்னார்: "ரெண்டும் ஒரு வயித்துப் பிள்ளைங்க. அதான் இந்தச் சண்டை."

காலி ரோடு

மழை விடப் போகிற நேரத்தில் நானாவே கூட வந்தார், நடையை வைத்துக்கொள்வதா மூடுவதா என்று பார்க்க. தயிர்க்கார கிரீஸ்காரர், இத்தாலி அம்மாள் ஒருவர், ஜெர்மன்காரர், இங்கிலாந்துக்காரர் என்று சரியாக நாலு பேர். அதில் இங்கிலாந்துக்காரர் காலையிலேயே அடம். எங்களுடையது தனித் தீவு, இவர்களோடு எனக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றார். ஒட்ட வேண்டாம், நடந்தால் போதும் என்றேன்.

பெரிய ரோட்டுச் சந்திப்பில் அன்றைக்குக் கரண்ட் இருந்தது, சிவப்பு விளக்கு எரிந்தது. ரோட்டில் ஒரு வண்டி இல்லை. ரங்கூனில் யார் நிற்பார்கள்? நானா கடந்துவிட்டார், இத்தாலி அம்மாளும் கிரீஸ்காரரும் பின்னாலேயே. நானும் பாதி ரோடு போய்த் திரும்பிப் பார்த்தால், ஜெர்மன்காரர் தூறலில் குடையோடு நிற்கிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்க்கிறார்கள், அவர்கள் முன்னால் சிவப்பில் கடக்கக் கூடாதாம். அந்தப் பிள்ளைகள் எப்போதோ ஓடிப் போய்விட்டார்கள். அதைவிட ஆச்சரியம், அதே குடைக்குள் இங்கிலாந்துக்காரர். நீங்களாவது வாங்களேன் என்றேன். "இந்த மனுஷனைத் தனியா எப்படி விட்டுட்டு வர்றது?" என்றார்.

நானா எதிர்ப் பக்கத்திலிருந்து கையை ஆட்டினார். ஆளை விட்டுவிட்டுப் போனால் அது நடை இல்லை, நான் திரும்பிப் போய் அவர்கள் பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் இத்தாலி அம்மாள் முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்தார். அவர் ஊர்க் கடற்கரைக்கு வருகிற ஜெர்மன்காரர்களும் இப்படித்தானாம், சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிவிட்டதாம். கிரீஸ்காரரும் வந்தார். காலி ரோட்டு ஓரத்தில் நாலு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஜெர்மன்காரரைக் கேலி செய்துகொண்டு, பச்சை விழும்வரை நின்றார்கள். ரங்கூனே எங்களைப் பார்த்துக்கொண்டு போனது.

அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது நானாவின் சட்டை முழுக்க நனைந்திருந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாளைக்கு வெளக்கு இல்லாத தெருவாப் பார்த்துக் கூட்டிட்டுப் போ, பிள்ளே" என்றார்.

ஐரோப்பாவில் யாருக்கு யார் சொந்தம் என்று எனக்கு இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை, ஆனால் திட்டிக்கொண்டே யார் பக்கத்தில் போய் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டால் என் பிழைப்பு நடந்துவிடும்.